வெயிலக்கா அழைத்த சாட்சி

நனைந்த போர்வையை உதறியபடியே வானத்தை ஒருமுறை பார்க்கிறார். துணிக்கொடியை அவிழ்த்து ஒரு முழம் தள்ளிக் கட்டுகிறார். பத்து நிமிடம் கழித்து எதிர்மாடியின் நிழல் வந்து, கொடி முன்பு இருந்த இடத்தில் படுத்துக்கொள்கிறது. கடிகாரம் கட்டும் வழக்கமே இல்லை. துணி வெளுத்துக் கொடுக்கும் இவரைத் தெருவே 'வெயிலக்கா' என்றுதான் கூப்பிடுகிறது. சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

அவருடைய தம்பிக்குக் கண் தெரியாது. மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கிற வேலை. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நூற்றுப் பதினொரு தப்படி. யார் துணையும் வேண்டாமென்று வீம்பாக நடப்பவர். எழுபத்தெட்டாவது தப்படியில் சாக்கடை மூடி உடைந்து குழி வாயைப் பிளந்த நாள்முதல், அக்காவின் கை அவர் முழங்கையை விடவில்லை. "நான் என்ன ஈரத்துணியாக்கா? இந்தப் பிழி பிழியுறே" என்பார் தினமும்.

நகராட்சியின் புகார்ச் செயலியில் வெயிலக்கா குழியைப் படமெடுத்துப் போட்டார். ஒரு வாரத்தில் 'பணி முடிந்தது' என்று பதில். கூடவே ஒரு படம்: குழியை ஒட்டிய அதே மதில், அதன் அடியில் முழுசான மூடி, மூலையில் காலை 8.40 என்று நேரம். குழியோ அப்படியே கிடந்தது. மறுபடி புகார் செய்தார். மறுபடி அதே படம். கிணற்றில் போட்ட கல், விட்டுவிடுங்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

வெயிலக்கா விடவில்லை. சட்டையில் கறை தேடுவதுபோல் இரண்டு விரலால் அந்தப் படத்தை விரித்து விரித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

மறுநாள் காலை 8.40க்கு அங்கேயே நின்று இன்னொரு படம் எடுத்தார். புகாரின் கீழே ஊரே பார்க்கும்படி ஏற்றி, எழுதினார்: "உங்க படத்துல மதில் நிழல் மூடி மேல கெடக்கு. காலையில அந்த மதில் பூரா வெயில். நிழல் ரோட்டுக்கு வர்றது சாயங்காலம்தான். 8.40ன்னு போட்டது பொய். இது மூடி உடையறதுக்கு முன்னாடி எடுத்த படம்."

அன்று மாலைக்குள் முன்பின் தெரியாதவர்கள் தங்கள் தெருவுக்கு வந்த 'பணி முடிந்தது' படங்களை அனுப்பத் தொடங்கினார்கள். துணி மடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது மூணரை மணி வெயில்", "இது மழைக்கு முந்தின வெயில்" என்று குரல் பதிவில் சொல்லிக்கொண்டே போனார். பதினேழு படங்களில் ஒன்பது பொய்.

மூன்றாம் நாள் நகராட்சிப் பொறியாளரே வந்து நின்றார். மதிலைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், வியர்வையைத் துடைத்தார்.

"நிழலையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டா எப்படிம்மா?"

"அந்தச் சாட்சியைத்தான் சார் யாராலயும் கலைக்க முடியாது."

அந்த வாரமே புது மூடி வந்தது. மறுநாள் காலை அக்காவும் தம்பியும் கிளம்பினார்கள். எழுபத்தெட்டாவது தப்படியில் தம்பி நின்று கோலால் தட்டினார். சத்தம் கெட்டியாகக் கேட்டது. பழக்கத்தில் அவர் முழங்கைக்கு எழுந்த வெயிலக்காவின் கை பாதியில் நின்றது. அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மற்றொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.