ஒவ்வொரு பத்தாவது அட்டையும்

பேய் வருவதற்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. இரண்டு ஐம்பதிலிருந்து மூன்று பத்து வரை, வெறும் இருபது நிமிடம். நான் பார்த்தேன், தொட்டேன், முகர்ந்தேன். கதை விடுகிறேன் என்று சொல்பவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. என் தங்கை இன்று தனி ஆள். அது கதையில்லை.

நானும் தங்கையின் கணவரும் ஒரே அலுவலகம். லாரிக் கம்பெனிகளின் பதிவு, பாதுகாப்பு ஆவணங்களைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. எங்கள் முத்திரை விழுந்தால் வண்டி சாலைக்குப் போகும். விழாவிட்டால் கொட்டகையில் நிற்கும்.

ஒவ்வொரு லாரிக்கும் தினம் ஓர் அட்டை உண்டு. வண்டியை எடுக்கும் முன் ஓட்டுநர் பிரேக், டயர், விளக்கு எல்லாம் பார்த்து, நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். முழு அட்டைக் கட்டையும் யார் உட்கார்ந்து படிப்பது? பத்தாவது, இருபதாவது, முப்பதாவது என்று உருவிப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். இது எல்லாக் கம்பெனிக்கும் தெரியும். அதனால் பத்துக்கு ஒன்றை மட்டும் ஒழுங்காக எழுதி வைப்பார்கள். மற்றதை யாராவது ஒரே மூச்சில் கிறுக்கித் தள்ளியிருப்பார்கள். அவர்களுக்குத் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பத்தாவதையே உருவிக்கொண்டிருந்தோம்.

அன்று போன கம்பெனிக்கு வயது எட்டு மாதம். அறைக்குள் நுழைந்ததுமே நாற்றம். டீசல் இல்லை, கிரீஸ் இல்லை. மின்சாரம் போன வீட்டில் ஒரு வாரம் மூடிக் கிடந்த ஃபிரிட்ஜைத் திறந்ததுபோல் இருந்தது. மேனேஜர் வண்டிச் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தார். குடைந்த சாவியை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, அதே கையால் பதிவுப் புத்தகத்தை நீட்டினார்.

“என்னங்க நாத்தம் இது?” என்றேன்.

“எலி செத்திருக்கும் சார். லாரி ஆபீஸ்ல மல்லிப்பூவா மணக்கும்?”

மாப்பிள்ளை சிரித்தார். “மச்சான், மூக்கைப் பிடிச்ச கையால எப்படி எழுதுவீங்க? கையை எடுங்க.”

ஏழாம் எண் லாரி. புத்தகத்தின்படி புது வண்டி. வண்டியின் அடிச்சட்டத்திலுள்ள சேசிஸ் எண்ணைப் படியெடுத்த தாளிலோ, பழைய எண்ணை ராவிவிட்டு மேலே குத்திய தடம் தெரிந்தது. கம்பெனியின் தொலைபேசி எண்ணும் எங்கோ பார்த்ததுதான். யோசித்ததும் பிடிபட்டது. இரண்டு வருடம் முன்பு, பிரேக் இல்லாத லாரியில் ஓர் ஓட்டுநர் சரிவில் நசுங்கிச் செத்தார். அதற்காக நாங்கள் மூடிய கம்பெனியின் எண் அது. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டு, அதே வண்டிகளோடு எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மனிதன் செத்த வண்டிக்குப் பெயின்ட் அடித்து, புதுசு என்று எழுதியிருக்கிறார்கள்.

மாப்பிள்ளையிடம் தாளைக் காட்டினேன். அவர் குரலைத் தணித்தார்.

“காகிதத்தைக் காட்டினா மூணு மாசம் இழுப்பானுங்க மச்சான். அஞ்சு மணிக்கு இது லோடோட கிளம்புது. பிரேக் பிடிக்கலைன்னு எழுதினா இப்பவே பூட்டு. நான் டிரைவரோட ஏறி ஒரு சுத்து பார்த்துட்டு வரேன். அட்டையை எடுங்க.”

பத்தாவது அட்டையை உருவினேன்.

ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பான ஈரம். விரலில் கோழைபோல் நூல் நூலாக ஒட்டியது. குறிப்பு என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: ‘பெடல் கீழே போகிறது.’ நேரம்: 3.10.

“மாப்பிள்ளை... இதைப் பாருங்க.”

வாங்கிப் பார்த்தார். “எல்லாம் சரின்னு போட்டிருக்கானே. வாய் கூசாம பொய் சொல்றவன் கை கூசாமயும் எழுதுவான்.” பச்சை மைப் பேனாவால் ஓரத்தில் தன் சுருக்கொப்பம் இட்டார்.

“ஈரமா இல்லை?”

“உங்க வேர்வை மச்சான். முதல்ல ஒரு கண்ணாடி வாங்குங்க, நானே காசு தரேன்.”

அவர் முற்றத்துக்கு இறங்கிப் போனார். மேனேஜர் பின்னாலேயே போனார். மணி மூன்று ஐந்து.

இருபதாவது அட்டை. நாற்றம் அதிலிருந்துதான் வந்தது. பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது.

‘பெடல் இல்லை.’ நேரம்: 3.10.

வெளியே இன்ஜின் உறுமியது... மணி மூன்று ஆறு.

முப்பதாவதை உருவ வரவில்லை. பிசின்போல் அடியில் பிடித்திருந்தது. இழுத்தேன். ச்ச்ச்ர்ரக்... ஆறாத புண்ணிலிருந்து கட்டுத்துணியைப் பிரித்த சத்தம்.

‘கால் இல்லை.’

3.10.

ஓடியிருக்க வேண்டும். கத்தவாவது செய்திருக்க வேண்டும். ஆனால் என் விரல்களுக்கிடையில் அந்தக் கோழை... அதில் ஒட்டிய மயிர்... தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினேன்.

தேய்த்தேன்.

போகவில்லை.

மறுபடி தேய்த்தேன்.

டமார்...

பிறகு இன்ஜின் சத்தமும் இல்லை.

என் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

முற்றத்தின் கடைசியில் எடைமேடைக்கு இறங்கும் சிறு சரிவு. நடந்தே இறங்கலாம், அவ்வளவுதான் அதன் ஆழம். ஓட்டுநர் குதித்துவிட்டார். மாப்பிள்ளை இருந்த பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. மேனேஜர் தள்ளி நின்று, தன் சட்டையில் தெறித்ததை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“நான் ஏறச் சொல்லலை சார்,” என்றார் என்னிடம். “அவராத்தான் ஏறினாரு.”

மாலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் எல்லாம் முடிந்தது. தங்கை ஒன்றுதான் கேட்டாள்: “நீ எங்கே அண்ணா இருந்தே?” உள்ளே இருந்தேன் என்றேன்.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டபோது பதினேழு நாள் ஆகியிருந்தது. அட்டைக் கட்டு மேசைமேல் இருந்தது. அட்டைகளை எழுதியவள் கம்பெனியின் தட்டச்சுப் பெண். ஒன்பதை எழுது, பத்தாவதை விட்டுவிடு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மேனேஜர் சொன்னாராம். ஏழாம் எண் லாரிக்கு மட்டும் அவர் எழுத மறந்துவிட்டார். பத்து, இருபது, முப்பது மூன்றும் வெற்று அட்டைகள். காய்ந்த, சுத்தமான அட்டைகள். பத்தாவதின் ஓரத்தில் மட்டும் பச்சைச் சுருக்கொப்பம். வெற்று அட்டையில் மாப்பிள்ளை எதைப் படித்தார், நான் எதைப் படித்தேன்?

விசாரணை அதிகாரி இன்னொன்றையும் எடுத்து வைத்தார். அடுத்த மாதங்களுக்கென்று அச்சகத்திலிருந்து வந்த புது அட்டைக் கட்டு. விபத்துக்கு மறுநாள் காலையில் வந்து இறங்கியதாம். பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை.

“உள்ளே ஏதோ கசியுது, அதான் உங்க முன்னாடி திறக்கலாம்னு,” என்று கத்தரியால் வெட்டினார். வெட்டியதும் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

ஒன்று முதல் ஒன்பது வரை வெறும் அட்டை.

பத்தாவதில் பச்சை மை.

இருபதாவதில்.

முப்பதாவதில்.

“இது அவரோட கையெழுத்துதானே சார்?”

நான் தலையாட்டினேன். அவர் புரட்டிக்கொண்டே போனார். நூற்றிருபதாவது அட்டையில் மை இன்னும் காயவில்லை.