படகுக்கு ஏது பிரேக்?

கார் ஓட்டக் கற்றுத் தருவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவளுடைய அசைக்க முடியாத கருத்து. வயது இருபத்தாறு. நான்கு வருடமாக, ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தக் கர்வம் இருக்கலாம்தான். பயிற்சி வண்டியில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வினையே அதுதான். போன மாதம் ஒருவர் வண்டியைச் சுவரில் விடப் பார்த்ததிலிருந்து அவள் கால் அதைவிட்டு இறங்கவில்லை. பூனை தெரிந்தால் மிதி, நிழல் தெரிந்தால் மிதி. 'பிரேக் அக்கா' என்றே பெயராகிவிட்டது. வீட்டில் சாப்பிடும்போதுகூடக் கால் தரையை அழுத்தியது. சரியான தூக்கமும் இல்லை.

டிரைவிங் ஸ்கூல் முதலாளியம்மா கூப்பிட்டனுப்பினார். "உங்கிட்ட கத்துக்கிறவங்களுக்கு பிரேக் போடவே தெரியல. எல்லாத்தையும் நீயே போட்டுடற. ரெண்டு வாரத்துல, இப்ப நீ கத்துக்குடுக்கற அந்த நர்ஸுக்கு லைசென்ஸ் டெஸ்ட். அவளும் கோட்டை விட்டா, நீ ஆபீஸ்ல உக்காந்து அப்ளிகேஷன் பாரம் எழுது."

பாரம் எழுதவா! அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அண்ணன், தான் விளையாட வாங்கிய விஆர் கண்ணாடியை நீட்டினான்; மாட்டினால் கண்முன் வேறோர் இடமே விரியும். "இதை மாட்டிக்கிட்டு கொஞ்ச நேரம் ஏரிப்பக்கம் போயிட்டு வா. மூஞ்சியப் பாக்க சகிக்கல."

சோபாவில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, ஏரி அழகாகத்தான் இருந்தது. படகு தானே நகர்ந்தது. கரை நெருங்கியதும் ஓங்கி ஒரு மிதி. டீப்பாய் கவிழ்ந்தது.

"படகுக்கு ஏதுடி பிரேக்?" என்றாள் அம்மா.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தான் மிதித்தும் நிற்காத படகு, தானாகவே அழகாகத் திரும்பியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தினமும் வேலை முடிந்து வந்து கால் மணி நேரம் ஏரிக்குப் போனாள். தோள் விறைக்கும்போது மூச்சை மெல்ல விடப் பழகினாள். அம்மா பட்டாணி உரித்தபடி மிதிகளை எண்ணினாள்.

"இன்னைக்கு ஒம்பது."

"பொய் சொல்லாதம்மா, ஏழுதான்!"

பத்தாம் நாள் அம்மா வாயே திறக்கவில்லை. கேட்டதற்கு, "எண்றதுக்கு ஒண்ணுமே இல்லடி" என்றாள். அன்று பெண் எட்டு மணி நேரம் தூங்கினாள்.

டெஸ்டுக்கு முந்தின நாள் நர்ஸ் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் நின்ற வேனின் கதவு திடீரென்று திறந்தது. பக்கத்தில் இருந்த 'பிரேக் அக்கா'வுக்குத் தோள் விறைத்தது. ஆனால் தூரம் இருந்தது. இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்க முடிந்தது. மூச்சை விட்டாள். வண்டி நின்றது.

நர்ஸ் இவள் பக்கம் திரும்பினாள். "தேங்க்ஸ்க்கா. நீங்க மட்டும் பிரேக் போடலன்னா..."

"குனிஞ்சு பாரு. என் கால் எங்க இருக்கு?"

இரண்டு காலும் இருக்கைக்கு அடியில் ஒடுங்கியிருந்தன. நர்ஸ் அவற்றைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

"அப்ப... நானா?"

"நீயேதான். நாளைக்கு நான் பக்கத்துல இருக்க மாட்டேன். தேவையும் இல்ல."

நர்ஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதே விட்டாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துத் தீர்த்தான். இருவருமே அவனைச் சட்டை செய்யவில்லை.