நறநறத்தலும் என் மாமனாரின் உப்பும்

நறநறத்தல் என்ற வினைச்சொல்லை அகராதியில் தேடிப் பார்த்தேன். பல்லைக் கடித்தால் நறநறக்கும், சோற்றில் மண் கிடந்தால் நறநறக்கும் என்கிற அளவில் முடித்துக்கொண்டார்கள். எழுதிய புண்ணியவான் மரக்காணம் பக்கமே வந்ததில்லை போலிருக்கிறது. அந்தச் சொல் உப்பிலிருந்துதான் பிறந்தது என்பது என் கட்சி. காய்ந்த உப்பின் மேல் ஒருமுறை நடந்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள்.

எனக்குத் தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டு. பிறந்த ஊரான பெருமுக்கலில் அம்மா பூச்சி மருந்து, வேப்பங்கொழுந்து எல்லாம் கொடுத்துத் தோற்றுப்போனாள். கல்யாணமாகி மரக்காணத்துக்குக் கிளம்பும்போது காதோடு சொன்னாள்: “பல்லைக் கடிச்சா குடும்பத்துக்கு ஆவாதுன்னு சொல்லுவாங்கடி. மாமியார் எதிர்ல மட்டும் கண்ணை மூடிடாத.”

யாரிடமும் சொல்லக் கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். பகலில் ஒரு கொட்டாவிகூட விடாமல் காலம் தள்ளினேன்.

ஒருநாள் எல்லோரும் மாமனாரின் உப்பளத்துக்குப் போனோம். புது மருமகள் ஒரு கூடை உப்பையாவது குவியலில் கொட்ட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். கொட்டினேன். பிறகு கொட்டகையில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பும் சோறும். வயிறு நிறைந்தது, கடல் காற்றும் வீசியது. அம்மா சொன்னதை மறந்து அப்படியே சாய்ந்துவிட்டேன்.

வெட்டவெளியில் கிடக்கும் உப்புக்குப் பூட்டு கிடையாது. திருட வருகிறவன் காலை வைத்ததும் நறநறக்கும், அவ்வளவுதான் காவல். மற்ற எதுவும் சரியாகக் கேட்காத என் மாமனாருக்கு அந்தச் சத்தத்துக்கு மட்டும் பாம்புச் செவி.

“டேய், எவன்டா அவன் உப்பு மேல ஏர்றது?”

விழித்துப் பார்த்தேன். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் தடியோடு குவியலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் மாமியார். அவருக்கும் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் என் கணவர். யாரும் அகப்படவில்லை. எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை, மறுபடி கண் சொக்கியது.

அடுத்து விழித்தபோது மாமியாரின் காது என் வாய்க்கு நேராக இருந்தது.

“ஏங்க, இங்க வாங்க. திருடன் இங்க இருக்கான்.”

போச்சு, மூட்டை முடிச்சோடு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அழுதே விட்டேன். மாமனார் தடியைக் கீழே போட்டுவிட்டு, குவியலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இதுக்கு ஏம்மா அழுவுற? தினம் சாப்ட்டுட்டு இங்கியே வந்து படுத்துக்க. ஆள் நடமாட்டம் இருக்குதுன்னு ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்.”

மாமியார் ஒரு கோணியை மடித்து என் தலைக்கு வைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.