தவளைக்குத் தண்ணீர்

கைப்பிடியைத் திருப்பும்போது மிசுயே அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். காசைப் போட்டு, பாதியில் நிறுத்தி, உள்ளே உருண்டைகள் புரளும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "வா கண்ணு, வா வா" என்று கெஞ்சிவிட்டுத்தான் மீதியைத் திருப்புவார். உருண்டை கீழே விழுந்ததும் அங்கேயே நின்று கட்டைவிரலால் அழுத்தித் திறப்பார். பொம்மை ஏப்ரன் பைக்குள் போகும். காலி உருண்டையின் இரண்டு மூடிகளையும் மறுபடி பொருத்தி, சொடக்கென்று மூடி, பக்கத்தில் இருக்கும் கூடையில் மெல்ல வைப்பார். மற்றவர்கள் மூடிகளைத் தனித்தனியாக விட்டெறிந்துவிட்டுப் போகிறார்கள். அக்காவுக்கு அது பிடிக்காது. "வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடந்தா பாக்க நல்லாவா இருக்கு?" என்பார். பிளாஸ்டிக் உருண்டையைத்தான் சொல்கிறார்.

ஒசாகாவில் எங்கள் கடைத்தெருவின் நடுவில் ஒகுனோவின் மருந்துக் கடை. அதன் வாசலில்தான் காசு போட்டுத் திருப்பினால் பொம்மை உருண்டை விழும் இந்தக் காச்சாப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. நாலு கடை தள்ளி அக்காவின் காபிக் கடை. உள்ளே போய் உட்கார்ந்தால் முதலில் தண்ணீர் வரும். டம்ளர் பாதிக்குக் கீழே இறங்க விட மாட்டார். யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பார், பின்பக்கமிருந்து ஜாடி மட்டும் தப்பாமல் நீளும். "தண்ணி வைக்கத் தெரியாதவ கடை வைக்கக் கூடாது" என்பது அவர் சட்டம்.

காபி இயந்திரத்துக்கு மேலே உள்ள அலமாரி முழுக்கப் பொம்மைகள். குட்டித் தபால் பெட்டி, குட்டி மின்விசிறி, தூங்கும் எருமை, கோட்டு போட்ட தவளை. அறுபதைத் தாண்டிய பிறகு இது எதற்கு என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"என்ன வரப்போவுதோன்னு நெஞ்சு அடிச்சுக்கிறது, இந்த வயசுல வேற எங்கப்பா நடக்கும்? டாக்டர் ரூம்லதான் நடக்கும். அதுக்கு இது தேவலை."

பிரித்த பொம்மைகளை விற்கும் கடைகள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே உண்டு. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். தன் கையால் திருப்பி வந்தால்தான் கணக்கு. இரண்டாம் தடவை வந்த பொம்மையை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடுவார். என் சாவிக்கொத்தில் மூன்று எருமைகள் தூங்குகின்றன.

இந்த வசந்தத்தில் வந்த பொம்மை வரிசையின் பெயர் "பழைய காபிக் கடை". அக்கா ஆடிப்போய்விட்டார். தன் கடையையே யாரோ உருண்டைக்குள் அடைத்துவிட்ட மாதிரி! தடித்த ரொட்டி, முட்டை மூடிய சோறு, புட்டிங், ஐஸ்கிரீம் மிதக்கும் பச்சை சோடா எல்லாம் வந்துவிட்டன. தவளையை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் அதன் முன்னால் பரப்பியாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்று. பெட்டியின் மேல் ஒட்டிய படத்தில் அந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிதான் இருந்தது.

"சர்க்கரைக் கிண்ணம்தான்" என்றார் அக்கா.

"சாம்பல் கிண்ணம்" என்றார் முடிதிருத்தும் நிஷிவாகி. அக்காவின் பழைய வாடிக்கை, பழைய எதிரி. அவரும் ரகசியமாகக் காச்சா திருப்புகிறவர்தான்.

செவ்வாய்க்கிழமை அக்கா கொதித்துக்கொண்டு வந்தார். "காலி உருண்டை வந்துச்சுப்பா! மடிச்ச விளம்பரத் தாள் மட்டும் உள்ள இருக்கு. அந்தத் தாளு எங்கிட்டக் கத்தையா கெடக்கு. அப்பிடியே மூடிக் கூடையில போட்டுட்டேன். என்னையே ஏமாத்துது அந்தப் பெட்டி!" இரண்டு நாள் கடைத்தெரு முழுக்க இதே பேச்சு. ஒகுனோ வாசலைக் கடக்கும்போதெல்லாம் அக்கா பெட்டியை முறைப்பார்.

வெள்ளிக்கிழமை மதியம் நிஷிவாகி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே வந்தார். உள்ளங்கையை விரித்தார். சுண்டுவிரல் நகமளவு கண்ணாடி டம்ளர் ஒன்று, எதிலிருந்தோ உதிர்ந்த பனித்துளி போல இருந்தது.

"இதான் ரகசியம், மிசுயே. தாளோட மடிப்புக்குள்ள இருந்துச்சு. நானும் காலின்னுதான் நெனச்சேன். ஆனா நான் தாளைப் பிரிச்சுப் பாத்தேன்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "தண்ணியா?"

"தண்ணியேதான். முப்பது வருஷமா ஊருக்கே தண்ணி வச்சவ, வந்த தண்ணியைக் குப்பையில போட்டுட்டியே! என்னுதை எடுத்துக்க. அந்தத் தவளையைக் குடு போதும்."

"ஒண்ணும் வேணாம் போண்ணே. கடன் வாங்கின தண்ணியையா வாடிக்கையாளுக்கு வைப்பேன்?"

நிஷிவாகி திருப்பியதோடு அந்த வரிசை தீர்ந்துவிட்டது. பெட்டியை மாற்றுகிற ஆள் இப்போது வந்துவிடுவான், காலி உருண்டைகளையும் மூட்டையாகக் கட்டி எடுத்துப்போய்விடுவான். அக்கா அடுப்பை அணைத்தார். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கடை அடைத்து நான் பார்த்ததேயில்லை. பாதிச் சோற்றில் இருந்த நாங்களும் பின்னாலேயே எழுந்து ஓடினோம்.

கூடை நிரம்பி, ஒகுனோ இரண்டு பெரிய பைகளிலும் கட்டி வைத்திருந்தார். எல்லாவற்றையும் தரையில் கொட்டினோம். எங்கு பார்த்தாலும் நீலமும் சிவப்பும் வெள்ளையும் உருண்டு ஓடின. எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. அக்கா மட்டும் முழங்காலிட்டு உட்கார்ந்து சத்தம் போட்டார்: "தனி மூடியெல்லாம் தள்ளுங்க! வாய் மூடின உருண்டையை மட்டும் எடுங்க, அது எம் வேலை!"

அப்படி மூடியவை ஒரு வாளிகூட இல்லை. எல்லாரும் ஆளுக்கொன்றாகக் காதோரம் வைத்துக் குலுக்கினோம். இருமல் மருந்து வாங்க வந்த கிழவர் ஒருவர்கூடக் குலுக்கினார். தாள் உரசும் சத்தம்தான் கேட்டது. பெட்டிக்காரனின் வண்டி தெருமுனையில் திரும்பியது.

அக்கா ஒரு மஞ்சள் உருண்டையைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார். "வா கண்ணு" என்றார். உள்ளே டிக் என்று ஒரு சத்தம், பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

தாளைப் பிரித்து டம்ளரைத் தூக்கிக் காட்டியபோது கடைத்தெருவே கைதட்டியது. வண்டியிலிருந்து இறங்கியவன் என்ன ஏதென்று தெரியாமல் தானும் தட்டினான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், சொல்வதற்கென்ன வெட்கம். அக்கா மட்டும் அழவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெரு நடுவே நடந்து கடைக்குப் போனார். அன்று மாலைவரை தவளையின் முன்னால் தண்ணீர் இருந்தது.

மறுநாள் காலை நிஷிவாகி வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். அக்கா கை துடைக்க ஈரத்துண்டைக் கொண்டுவந்து வைத்தார். அதன் பக்கத்தில், இரண்டு விரலால் பிடித்து, அந்த நகமளவு டம்ளரை வைத்தார்.

"வாங்கண்ணே. என்ன சாப்புடுறீங்க?"

கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நிஷிவாகி எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். டம்ளரை நுனிவிரலால் எடுத்து, தலையை அண்ணாந்து, வாயில் கவிழ்த்து, மிச்சமில்லாமல் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

அக்கா உள்ளே போனார். பனிக்கட்டி கலகலக்கும் பெரிய ஜாடியை இரண்டு கையாலும் தூக்கி வந்து, குனிந்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, மேசையில் சிந்தாமல் அந்த டம்ளரை மறுபடியும் நிரப்பினார்.