இரண்டாவது டிக்

போன மாதம் எங்கள் வீட்டு பிரிட்ஜின் மேல்தட்டு முழுக்க ஐஸ் இறுகிப் பாறையாகிவிட்டது. கீழ்த்தட்டில் பால் திரிந்தது. பதுளை டவுனிலிருந்து வந்த மெக்கானிக் கால்மாட்டுத் தகட்டைக் கழற்றி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டைமர் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினார். உள்ளே சேரும் ஐஸை நேரம் பார்த்துக் கரைத்துவிடுவதுதான் அதன் வேலை. பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டார். நான் அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

எனக்கு ஒன்பது வயதில், ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு முதல் பிரிட்ஜ் வந்தது. கொண்டுவந்தவள் அம்மாவின் தங்கை, என் சித்தி. குவைத்தில் நாலு வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தாள். போகும்போது தன் ஒரு வயதுக் குழந்தையை அம்மாவிடம் விட்டுப் போனாள். சித்தப்பா அதற்கு முன்பே வேறு தோட்டத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டுவிட்டார். தங்கச்சி என் இடுப்பில்தான் வளர்ந்தாள். என் அம்மாவைத்தான் அம்மா என்றாள். திரும்பி வந்த தன் தாயை, நான் கூப்பிடுவதைப் பார்த்துச் சித்தி என்று கூப்பிட்டாள். லயமே சிரித்தது. சித்தியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

பக்கத்துக் காம்பராவில், எங்களுடையதை ஒட்டிய அறையில், சித்தி தனியாக இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் சாமி படத்துக்கு வைத்த கையோடு பிரிட்ஜ் கதவிலும் குங்குமம் வைப்பாள். “குவைத்துக்காரி ஐஸ் பொட்டிக்கும் பூசை போடுறா” என்று பைப்படியில் பேசிக்கொண்டார்கள். அந்தக் காம்பராவுக்குள் தங்கச்சி காலெடுத்து வைத்ததே அந்தப் பெட்டிக்காகத்தான். குவைத்திலிருந்து வந்த பழத்தூளைக் கரைத்து, தம்ளரில் ஊற்றி, ஈர்க்குக் குச்சி செருகி, சித்தி ஐஸ் பழம் செய்து கொடுப்பாள். தங்கச்சி சப்பி முடித்ததும் ஓடிவந்து என் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

மூன்றாம் மாதமே பிரிட்ஜ் குளிராமல் போனது. டவுனிலிருந்து வந்த முஸ்லிம் மெக்கானிக்கை நானா என்போம்; அவர் டைமர் நின்றுவிட்டது என்றார். “அதோட மோட்டர் மவுத்தாப் போச்சு, இனி ஓடாது. புதுசு கொழும்பிலருந்து வரணும்.” அதுவரைக்கும் ஒரு வழி காட்டினார். டைமரில் இருந்த சின்னப் பள்ளத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருப்ப வேண்டும். ஒரு டிக் கேட்டால் ஐஸ் கரையத் தொடங்கும். அரை மணி நேரம் கழித்துத் திரும்பவும் திருப்பி, இரண்டாவது டிக் கேட்டால் குளிரத் தொடங்கும். ஒரு நாளும் தவறக்கூடாது என்றார்.

காலையில் கொழுந்து பறிக்கப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடும்போது சித்தி முதல் டிக்கைத் திருப்பிவிட்டுப் போவாள். அரை மணி நேரம் வீட்டில் காத்து நின்றால் பெரட்டில் பேர் விழாது, அன்றைக்கு வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் இரண்டாவது டிக் என் பொறுப்பானது. பள்ளிக்கூடம் போகுமுன் தரையில் குப்புறப் படுத்துத் திருப்பிவிட்டுப் போவேன்.

அந்த நாட்களில்தான் தங்கச்சி ஒரு பேரம் பேசினாள். பண்டாரவளையில் யாரோ தின்றதைப் பார்த்திருந்தாள். “ரெண்டு கலர்ல ஐஸ் பழம் குடுத்தா அன்னைக்கு இங்கயே தூங்குறேன் சித்தி.” சித்தி உடனே சிவப்பைக் கரைத்து உறைய வைத்தாள். மறுநாள் விடியலில் அதன்மேல் மஞ்சளை ஊற்றினாள். இரண்டு தலையணைக்கும் புது உறை போட்டாள். பெரட்டுக்குப் போகும்போது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை, என்னைக் கேலி செய்வதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று நான் குப்புறப் படுத்தேன். ஸ்குரூ டிரைவரைப் பள்ளத்தில் வைத்தேன். திருப்பவில்லை. எழுந்து, சட்டையில் ஒட்டிய தூசைத் தட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

சாயங்காலம் சித்தி கூடையைக்கூட இறக்காமல் கதவைத் திறந்தாள். சிவப்பும் மஞ்சளும் கலந்து ஒரே நிறத் தண்ணீராக இருந்தது. குச்சிகள் சாய்ந்து கிடந்தன. தங்கச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “பொய் சொல்லிட்டீங்க” என்று சொல்லி எங்கள் காம்பராவுக்கு ஓடிவிட்டாள்.

“திருப்புனியாடி?” என்று சித்தி கேட்டாள்.

“திருப்புனேன் சித்தி.”

சித்தி தலையணை உறைகளைக் கழற்றி மடித்து வைத்தாள்.

அடுத்த வாரம் நானா புது டைமரோடு வந்தார். நடுவில் ஒருநாள் எல்லாம் கரைந்துபோனதை அம்மா அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் பழையதைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். டிக் என்றது. இன்னொரு முறை திருப்பினார். மறுபடியும் டிக் என்றது. “கையால திருப்பினா இது ஒரு நாளும் ஏமாத்தாது. திருப்பாமத்தான் உட்டிருக்கும்” என்றார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன்.

“அன்னைக்குப் பூரா கரண்ட் இல்லங்க” என்றாள் சித்தி.

அன்று லயத்தில் கரண்ட் போகவேயில்லை. அடுத்த காம்பரா ரேடியோ சாயங்காலம் வரை பாடிக்கொண்டிருந்ததாக அம்மாவே குறைபட்டிருந்தாள். சித்தி ஏமாந்துவிட்டாள், நான் தப்பித்துவிட்டேன் என்று அப்போது நினைத்தேன்.

புது டைமர் நன்றாகவே வேலை செய்தது. ஐஸ் பழம் மறுபடியும் இறுகியது. தங்கச்சிதான் அந்தப் பக்கம் போகவில்லை. சித்தியும் பிறகு அழைக்கவில்லை. தைப் பொங்கல் முடிந்ததும் மறுபடி குவைத்துக்குப் போனாள். பஸ் ஏறுமுன் என் தலையைத் தடவி, “அவ ஒன்கிட்டத்தான் இருப்பா. நல்லாப் பாத்துக்க” என்றாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துத் தலையாட்டினேன்.

நானா பேசிய அந்த நேரத்தில் சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை. ஏற்கெனவே துடைத்துச் சுத்தமாக இருந்த பிரிட்ஜ் கதவை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஒன்பது வயதில் அழுக்கிருந்தால்தான் துடைப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.