அந்தரத்தில் நின்ற கை

சென்ற ஆண்டு ஆவணி மாதம், பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் தொடங்கியது இது. நான் எழுதப் போவது என்னோடு வேலை பார்த்த பழைய தமிழாசிரியர்கள் சிலருக்குப் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும். எழுபது வயதைத் தாண்டிய பிறகு யாருக்குப் பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து எழுத எனக்கு நேரமில்லை.

நான் தமிழ் படித்தவன், தமிழ் நடத்தியவன், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். செய்யுள் ஒப்புவித்தல் போட்டி என்றால் எங்கள் பக்கத்தில் நடுவராக என்னைத்தான் கூப்பிடுவார்கள். கறாரான ஆள் என்று பெயர். என் முறை இதுதான்: மேசையில் பாடல் அச்சடித்த தாள், கையில் சிவப்புப் பென்சில், பக்கத்தில் ஒரு மேசை மணி. பிள்ளை சொல்லச் சொல்ல என் கண் தாளில் ஓடும். ஒரு சொல் விட்டுப்போனால் வட்டம். அடி மாறினால் மணி. நிமிர்ந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டேன். பார்த்தால் இரக்கம் வரும், தீர்ப்பு கோணிப்போகும் என்பது என் கொள்கை. அதைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அன்றைக்குக் கொடுத்திருந்தது ஆற்றைப் பற்றிய ஒரு பழைய பாடல். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒரே ராகத்தில், ஒரே இடத்தில் கையை நீட்டி, ஒரே இடத்தில் நெஞ்சைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி வந்தாள். வணக்கம் சொன்னாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்:

“ஆறு எங்க வீட்டுக்கு வந்துச்சு.
செருப்பைக் கழத்தாம வந்துச்சு.
அடுக்களை வரைக்கும் வந்துச்சு.
இம்புட்டு உயரம் நின்னுச்சு…”

அரங்கில் சிரிப்பு எழுந்தது. என் தாளில் இந்த அடிகள் எங்கேயும் இல்லை. மணியை அடித்தேன். ஒலிவாங்கி முன்னால் இருந்தது, பேசாமல் இருந்திருக்கலாம். “ஏம்மா, பாட்டு மறந்துபோச்சுன்னா இறங்கிப் போயிரணும். வாய்க்கு வந்தத உளறப்படாது” என்றேன். மறுபடியும் சிரிப்பு.

“மறக்கல சார். இது என்னோடது.”

“உன்னோடதா? அப்போ இதுல எத்தன தப்புன்னு நான் சொல்லட்டா?”

“என்னோடதுல என்ன விட்டுப்போச்சுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

இந்த முறை அரங்கு சிரித்தது என்னைப் பார்த்து. பின்வரிசையில் யாரோ கை தட்டவும் செய்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. மணியை மீண்டும் அடித்தேன், தேவைக்கு மேல் நேரம் அடித்தேன். தாளில் பார்க்க ஒன்றுமில்லாததால் அன்று முதல் தடவையாக நிமிர்ந்து மேடையில் நின்ற பிள்ளையைப் பார்த்தேன். அவளுடைய வலது கை தலைக்கு மேலே உயர்ந்து அப்படியே நின்றது. ஒப்புவித்தலுக்குச் சொல்லிக் கொடுத்த அபிநயம் என்று நினைத்தேன். மணி ஓய்ந்த பிறகும் அவள் கையை இறக்கவில்லை. ஒரு ஆசிரியை வந்து தோளைத் தொட்டு அழைத்துப் போனார்.

அந்த ஆசிரியைதான் காரணம் என்று மத்தியானத்துக்குள் தெரிந்துகொண்டேன். புதிதாக வந்தவர், சின்ன வயது, தற்காலிகப் பணி. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஏழாம் வகுப்பைப் புத்தகம் இல்லாமல் ஆற்றங்கரை வரை நடத்திக் கூட்டிப் போவாராம். கவிதை சொல்லித் தருகிறாராம்.

பள்ளிக்குழுவின் செயலர் தச்சநல்லூரில் அரிசி வியாபாரம் செய்பவர். எனக்குப் பல வருஷப் பழக்கம். அவர் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். இலக்கணம் கெடுகிறது, மரபு போகிறது என்று சொன்னால் அவர் கொட்டாவி விடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் வேறு ஒன்றைச் சொன்னேன்.

“அண்ணாச்சி, போன மார்கழி வெள்ளத்துல ஆறு என்ன பண்ணுச்சுன்னு ஊருக்கே தெரியும். அந்த ஆத்தங்கரைக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போகுது ஒரு பொம்பளப்பிள்ள. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா பேப்பர்ல யார் பேரு வரும்?”

அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். “என்ன சார்வாள், குண்டத் தூக்கிப் போடுதீரு” என்றார். அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை நடை இல்லை. மீறிப் போனால் வேலை இல்லை என்று அந்த ஆசிரியையிடம் சொல்லப்பட்டது.

இதை மறைக்காமல் சொல்கிறேன்: பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி அந்த அறையில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. எந்தச் சொல் வேலை செய்யும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தமிழ் படித்ததன் பயனை அன்று அப்படிப் பயன்படுத்தினேன்.

அந்த வாரக் கடைசியில் என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். மீனாட்சிபுரத்தில் தையல் கடை வைத்திருப்பவர். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. மேடையில் நான் நிறுத்திய பிள்ளையின் தாய். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“ஆத்தங்கரைக்குப் போவப்படாதுன்னு சொன்னது நீங்கதானாமே?”

பாதுகாப்பு என்று ஆரம்பித்தேன்.

“நீங்க இருங்க சார், நான் சொல்லுதேன். வெள்ளத்துக்கு அப்புறம் என் பிள்ள குழாய்ல தண்ணி விழுத சத்தம் கேட்டாலே காதப் பொத்திக்கிடும். மழ வந்தா கட்டிலுக்கு மேல ஏறி நின்னுக்கிடும். ஆத்துப் பக்கம் தல வச்சுப் படுக்காது. அந்த டீச்சர்தான் கையப் புடிச்சுப் பைய பைய கூட்டிட்டுப் போனாவ. மொதல்ல பாலத்துல நின்னு பாத்தா. அப்புறம் கரையில நின்னு பாத்தா. எங்க வீட்டுல தண்ணி இம்புட்டுக்கு நின்னுச்சு தெரியுமா உங்களுக்கு?”

அவர் கை தலைக்கு மேலே உயர்ந்தது. அதே கை. அதே உயரம்.

என் வீடு மேட்டில் இருக்கிறது. வெள்ளத்தை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன்.

“பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போவலன்னா என்ன? ஞாயித்துக்கெழம காலைல நாங்களே பிள்ளைகளக் கூட்டிட்டுக் குறுக்குத்துறைக்குப் போறோம். பெத்தவங்க நாங்க கூட இருக்கோம். டீச்சரும் வாராவ. முடிஞ்சா வந்து தடுத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கரையில் ஏதாவது குறை கண்ணில் படாதா என்ற எண்ணமும் உள்ளே இருந்தது.

குறை கிடைக்கவில்லை. பிள்ளைகள் ஒரு நீல நைலான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். முன் முனை ஆசிரியையின் கையில். கரைக்கு வந்ததும் அந்தக் கயிற்றைத் தண்ணீருக்கு வெகு தூரத்துக்கு முன்பே தரையில் நீளமாகப் போட்டார். அதைத் தாண்டி ஒரு கால் போகக் கூடாது. போகவும் இல்லை. பெற்றோர்கள் மருத மரத்தடியில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் தையல்காரம்மா பக்கத்தில் நின்றவரிடம் என்னவோ சொன்னார். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆசிரியை மட்டும் வந்து, “வாங்க சார், இங்கன உக்காருங்க” என்று பிள்ளைகளின் வரிசைக் கடைசியில் எனக்கு ஒரு கல்லைக் காட்டினார்.

அவர் முறை இதுதான். முதலில் எல்லோரும் வாய் மூடி உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் ஒரு வரி சொல்ல வேண்டும். படித்தது கூடாது, கேட்டது கூடாது, கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தக் கூடாது.

ஒரு பையன் சொன்னான்: “நாரை ஒத்தக் கால்ல நிக்கி. இன்னொரு கால எங்க வச்சிருக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கு.”

இன்னொரு பிள்ளை: “சோப்பு நுரை மிதந்து போகுது. யார் வீட்டு அழுக்குன்னு மீனுக்குத் தெரியும்.”

சிவப்புப் பென்சிலால் வட்டம் போட இதில் இடமே இல்லை. வரிசை நகர்ந்து நகர்ந்து என்னிடம் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமி, ஆற்று வெள்ளத்தைப் பாடும் ஒரு பழஞ்செய்யுளை மேடைக் குரலில் எடுத்துவிட்டேன்.

நாரைப் பையன் குறுக்கே வந்தான். “தாத்தா, அது ஒப்புவித்தல்லா? கண்டதச் சொல்லுங்க.”

சிரித்தார்கள். “ஆறு அழகாக ஓடுகிறது” என்றேன்.

“ஆறுன்னா ஓடத்தான தாத்தா செய்யும்? நிக்கவா செய்யும்?”

“ஏலே, சும்மா இருல. தாத்தா யோசிக்கட்டும்” என்று இன்னொருவன் எனக்குப் பரிந்து பேசினான். அது இன்னும் வலித்தது.

யோசித்தேன். வாழ்நாளெல்லாம் மனப்பாடம் செய்த பாட்டுகள் வரிசையில் வந்து நின்றன. ஒன்றிலும் நான் கண்டது இல்லை. எதையுமே பார்க்காமல் தாளைப் பார்த்தவனுக்கு என்ன இருக்கும்? வரிசையின் மறுமுனையில் அந்தப் பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது நான் உண்மையாகவே கண்ட ஒன்று என்னிடம் இருப்பது தெரிந்தது.

“நான் மணி அடிச்சேன்” என்றேன். “ஒரு பிள்ளை தண்ணியோட உயரத்தக் காட்டிக்கிட்டு நின்னா. கையை இறக்கவே இல்ல.”

மரத்தடியில் தாயின் தலை திரும்பியது. மன்னிப்புக் கேட்கலாமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

“நான் அன்னைக்கு முடிக்கல தாத்தா. இப்ப முடிக்கட்டா?”

அனுமதி கேட்கும் குரல் இல்லை அது. என் தலையசைப்புக்குக் காத்திருக்கவும் இல்லை. ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள், விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்:

“இம்புட்டு உயரம் நின்னுச்சு.
அம்மா வடிச்ச சோத்துப் பானைய
எடுத்துட்டுப் போச்சு.
தெனமும் நாங்கதான் அது வீட்டுக்குப் போனோம்,
குளிச்சோம், தொவச்சோம், கல்லெறிஞ்சோம்.
ஒரு நாளும் அது கதவ அடச்சதில்ல.
இப்ப அது எங்க வீட்டுக்கு வந்தா
வராதன்னு நான் எப்படிச் சொல்ல?
வா.
ஆனா அடுத்த தடவ பகல்ல வா.
சொல்லிட்டு வா.”

கையை இறக்கினாள். உட்கார்ந்தாள். ஆறு தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. நான் குடையின் பிடியை இறுக்கிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

புறப்படும்போது ஆசிரியையிடம் போய், செயலரிடம் நான் என்ன சொன்னேன் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம் சார். கடைசியில வாரதுக்கு ஆள் இல்ல. கயித்தோட அந்த முனையப் புடிங்க” என்றார். பிடித்தேன்.

மறுநாள் செயலரிடம் போனேன். நான் சொன்னது பொய் அக்கறை, நடையைத் திருப்பித் தாருங்கள் என்றேன். “நல்லா இருக்குதே சார்வாள்! நீருதான பயங்காட்டுனீரு? இப்ப நீரே வந்து பயமில்லங்கீரு. கமிட்டியில போட்ட முடிவ உமக்காக மாத்த முடியுமா?” என்றார். எத்தனை பேசியும் நடக்கவில்லை. அந்தக் கல்வியாண்டோடு ஆசிரியைக்கு அங்கே வேலையும் இல்லாமல் போனது. நான் செய்ததை நானே அவிழ்க்க முடியவில்லை என்பதை எழுதியே ஆக வேண்டும். இப்போது அவர் சேரன்மகாதேவியில் ஒரு பள்ளியில் இருக்கிறார். அங்கே வயல் வரப்பில் வேறு பிள்ளைகள், வேறு கயிறு. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ்ஸைப் பிடித்து எங்களுக்காகவும் வந்துவிடுகிறார்.

ஆம், எங்களுக்காக. நடை நிற்கவில்லை. பள்ளியிலிருந்து பெற்றோருக்கு ஒரு தடவை எச்சரிக்கை வந்தது. “ஆறு பள்ளிக்கூடத்துச் சொத்தா?” என்று தையல்காரம்மா கேட்டதோடு அது முடிந்தது. இந்த ஆவணியில் போட்டிக்கு நடுவராக என்னை மறுபடியும் அழைத்தார்கள். பிள்ளைகள் சொந்த வரியும் சொல்லலாம் என்றால் வருகிறேன், மேசையில் மணி இருக்கக் கூடாது என்றேன். அது வழக்கமில்லையே என்றார்கள். வழக்கத்தை உண்டாக்கியவர்களில் நானும் ஒருவன், அதனால்தான் சொல்கிறேன் என்றேன். வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். என் பழைய மாணவர் ஒருவர்தான். கறாரான ஆள் என்று பெயர் எடுத்திருக்கிறார்.

வயதான காலத்தில் சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து ஊர் சுற்றுகிறான் என்று என் காதுபடவே பேசுகிறார்கள். பேசட்டும். நாரைப் பையன் இப்போதும் என் வரிகளை ஏற்பதில்லை. பத்தில் எட்டைத் தள்ளிவிடுகிறான். அந்தப் பெண்பிள்ளை மட்டும் நான் சொல்லும்போது தவறாமல் என் முகத்தைப் பார்க்கிறாள். ஒரு பிள்ளை பேசும்போது செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான் என்பதை இவ்வளவு பிந்திக் கற்றுக்கொண்டேன் என்பதற்காக வெட்கப்படுகிறேன். ஆனால் என் கையில் இருக்கும் இந்தக் கயிற்று முனையை இனி எந்தக் கமிட்டி சொன்னாலும் விடுவதாக இல்லை.