காகம் வராத ஒழுங்கை

மனைவியின் கண் சத்திரசிகிச்சைக்காக ஊர்காவற்றுறையிலிருந்து கொழும்புக்குப் போயிருந்தோம். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தில் அறை. கீழ் வீட்டுக்காரரும் நம் தீவுப்பகுதி ஆள்தான். கடை முதலாளி. தொந்தியும் தடித்த சங்கிலியும். காரைத் துடைக்கும்போது அடிக்கடி அண்ணாந்து பார்ப்பார். காகம் எச்சமிடுமாம்.

அந்த ஒழுங்கைக்கே, சந்து முழுக்க, ஒரு மாமரம்தான் நின்றது. சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் ஆள் பிடித்து அதைத் தறிப்பித்தார். எங்கள் அறைக்குள் வெயில் விழுந்தது. கண்கட்டோடு கிடந்த மனைவி வெக்கையில் புரண்டாள்.

"இப்ப காரைப் பாரும், கண்ணாடி மாதிரி" என்றார் அவர்.

சனிக்கிழமை அவருக்கு விரதம். காகம் சோறு தின்னாமல் தான் சாப்பிடமாட்டார். மதிலில் இலையை வைத்து "கா, கா" என்று கூப்பிட்டார். பின்னேரமாகியும் ஒன்றும் வரவில்லை. சீனி வருத்தக்காரர், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும்.

"மரத்தைத் தறிச்சுப்போட்டு ஆரைக் கூப்பிடுறியள் அண்ணை?" என்று கேட்டேன்.

"ஏன், காகத்துக்குச் செட்டை இல்லையே? பறந்து வரட்டுமன்!"

கடைசியில் சோற்றைக் காரில் ஏற்றிக்கொண்டு காகம் தேடிப் போனார். இருட்டுமுன் திரும்பினார். காரெல்லாம் எச்சம்.

"சாப்பிட்டியளோ?"

"ஓம். கடற்கரையிலை ஒரு மரம் நிறையக் காகம்" என்றார், துணியை நனைத்தபடி. "அதையும் தறிக்கச் சொல்லவேணும்."

இவர் எப்படி முதலாளி ஆனார் என்று, ஊரில் கிழிந்த மீன்வலையைப் பொத்தும்போது இப்போதும் யோசிக்கிறேன். பிடிபடவில்லை.